டீசல் வண்டியும் விராலிமலை முருகனும்

வண்டி புக் பண்ண போனப்போ ஷோரூம்ல என்கிட்ட கேக்காத கேள்வி இல்ல. பழைய வண்டிய எக்ஸ்சேஞ்சுல குடுக்குறீங்களா, லோன் எந்த பேங்க், சீட் கவர் இங்கயே போட்டுக்கறீங்களா, டெஃப்லான் கோட்டிங் வேணுமா, எக்ஸ்டெண்டட் வாரண்டி சேத்துடலாமா, ஃபேன்சி நம்பர் பாக்கணுமா, டெலிவரிக்கு நல்ல நேரம் குறிச்சாச்சா, இப்படி ஒரு அரை நாள் போச்சு. தினமும் எங்கேர்ந்து எங்க ஓட்டுவீங்கன்னு மட்டும் ஒருத்தரும் கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன், ஸ்ரீரங்கத்துல வீடு, தில்லைநகர்ல ஆபீஸ், நடுவுல மாம்பழச்சாலை சிக்னல், காவிரிப் பாலம், சத்திரம் பஸ் ஸ்டாண்டு, இத தாண்டுறதுக்குள்ள ரெண்டாவது கியர விட்டு மூணாவதுக்கு போனாலே அன்னிக்கு நல்ல நாள். இந்த பதில கேட்ட எந்த நியாயமான ஆளும் "மேடம், அப்படின்னா டீசல் வேண்டாம், பெட்ரோல் எடுங்க"ன்னுதான் சொல்லியிருக்கணும். ஆனா டீசல்ல அன்னிக்கு ஸ்டாக் ரெடியா இருந்துச்சு.

டீசல்ங்கறது எங்க வீட்டுல அப்பாவோட கட்சி. பழைய வண்டியும் டீசல்தான், பதினஞ்சு வருஷத்துக்கு மேல உழைச்சுச்சு, அத அப்பா சர்வீசுக்கு விடுறதே தயவு பண்ணித்தான் விடுவார். 2012 வாக்குல பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு இருபது ரூபாய்க்கு மேல வித்தியாசம் இருந்துச்சுல்ல, அந்த கணக்கு அவர் மனசுல அப்படியே உக்காந்திருக்கு. 2014 அக்டோபர்ல டீசல் விலைய அரசாங்கம் கட்டுப்பாட்டுலேர்ந்து எடுத்துவிட்டப்பறம் அந்த வித்தியாசம் சுருங்கி சுருங்கி இப்போ எட்டு ஒம்போது ரூபாய்ல வந்து நிக்குது, அதுவும் டீசல் மாடல் விலையே பெட்ரோலவிட ஒண்ணரை லட்சம் ஜாஸ்தி. நான் இத எல்லாம் சொன்னேன். "இழுவை இருக்கும்மா"ன்னார். இழுவைக்கு பதில் சொல்ல முடியல.

முதல் மாசம் எல்லாம் சொர்க்கம். அப்பறம் சின்ன சின்னதா ஆரம்பிச்சுச்சு. ஆபீஸ் வாசல்ல வண்டிய நிறுத்தி சாவிய எடுத்து பூட்டிட்டு நடந்தா உள்ள ஃபேன் மட்டும் ஹோன்னு ஓடிட்டே இருக்கும், செக்யூரிட்டி அண்ணன் "மேடம் வண்டி ஆஃப் ஆகலையா"ன்னு கேப்பார். சில நாள் சிக்னல்ல நிக்கும்போது இன்ஜின் வழக்கத்தவிட கொஞ்சம் தூக்கலா ஓடும், மைலேஜ் காட்டுற நம்பர் திடீர்னு பாதாளத்துக்கு போவும், வீட்டுக்குள்ள கொண்டுவந்து விட்டா ஏதோ இரும்பு காய்ஞ்ச வாசனை வரும். ஃப்ரீ சர்வீஸ்ல இத எல்லாம் ஒண்ணு விடாம சொன்னேன். சர்வீஸ் அட்வைசர் தம்பி டேப்லெட்ல எதையோ தட்டிக்கிட்டே "புது வண்டி மேடம், ஓட ஓட செட் ஆயிடும்"னார். செட் ஆகுறதுக்கு அது என்ன புது செருப்பா. நான் சொன்ன ஒவ்வொண்ணும் ஒரே விஷயத்தோட அறிகுறின்னு அப்பறம்தான் தெரிஞ்சுச்சு, அந்த தம்பிக்கு அப்பவே தெரிஞ்சிருக்கணும், அவருக்கு அதுக்குத்தான் சம்பளம்.

கொஞ்ச நாள் கழிச்சு மஞ்சளா ஒரு விளக்கு எரிஞ்சுச்சு. சைலன்சர் பெட்டிக்குள்ள புள்ளி புள்ளியா இருக்குற படம். கூடவே ஃபில்டர் நிறைஞ்சிருக்குன்னு ஒரு மெசேஜ். வண்டி நல்லாத்தான் ஓடுச்சு, அன்னிக்கு ஆபீஸ்ல ஆடிட் வேற, சரி வர்ற சனிக்கிழமை விடலாம்னு கஸ்டமர் கேர்ல புக் பண்ணி வச்சேன். சனிக்கிழமைக்கு முன்னாடியே அது காவிரிப் பாலத்துமேல உக்காந்துடுச்சு. நின்னு போகல, அதுதான் கொடுமை, ஓடுது ஆனா ஓடல. ஆக்சிலேட்டர தரையோட மிதிச்சாலும் வண்டி ஊர்ந்துதான் போகுது, பின்னாடி டவுன் பஸ்காரர் ஹாரன விட்டு கைய எடுக்கல, பக்கத்து சீட்டுல அப்பா "கியர மாத்து, கியர மாத்து"ங்கறார், எந்த கியர போட்டா என்ன, கம்ப்யூட்டர் முடிவு பண்ணிடுச்சு இதுக்கு மேல பவர் கிடையாதுன்னு. இதுக்கு லிம்ப் மோடுன்னு பேரு. அந்த நேரத்துல எங்கள ஓவர்டேக் பண்ணி ஒரு பழைய மணல் லாரி போச்சு, கரும்புகைய கக்கிட்டு, ஜம்முனு. புகையே விடாத என் புது வண்டி ஓரங்கட்டி நிக்குது.

ரெக்கவரி வண்டி வந்து தூக்கிட்டு போனது, அப்பா யார்கிட்டயும் பேசாம ஆட்டோல வீட்டுக்கு போனது எல்லாம் விடுங்க. விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா இத யாரும் தமிழ்ல உருப்படியா சொல்லி நான் பாக்கல.

2020 ஏப்ரல் 1லேர்ந்து நாடு முழுக்க பிஎஸ்6 வண்டிதான் விக்கணும், பிஎஸ்ங்கறது பாரத் ஸ்டேஜ், வண்டி எவ்ளோ புகை விடலாம்னு அரசாங்கம் போட்ட விதி. பிஎஸ்4லேர்ந்து அஞ்ச தாண்டி நேரா ஆறுக்கு போயிட்டோம். பிஎஸ்4 டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் வரைக்கும் புகைத்துகள் விடலாம், பிஎஸ்6ல அது 4.5 மில்லிகிராம். டீசல்ல இருக்குற கந்தகத்தையும் 50 பிபிஎம்லேர்ந்து, அதாவது பத்து லட்சத்துல 50 பங்குலேர்ந்து, 10க்கு கொண்டுவந்தாங்க. இந்த 4.5 கணக்குக்குள்ள வரணும்னா சைலன்சர் லைன்ல டிபிஎஃப்னு, அதாவது டீசல் பார்ட்டிகுலேட் ஃபில்டர்னு, புகைத்துகள பிடிக்கிற ஒரு ஃபில்டர் வச்சாகணும். உள்ள பீங்கான் வகையறால தேன்கூட்டு அறைகள், ஒரு அறை முன்பக்கம் திறந்து பின்பக்கம் அடைச்சிருக்கும், பக்கத்து அறை அதுக்கு நேர்மாறா. புகை உள்ள போயி, வெளிய வர வழி இல்லாம, சுவர்ல இருக்குற நுண்ணிய துளை வழியாத்தான் அடுத்த அறைக்கு போயாகணும். கரி சுவர்லயே தங்கிடும். வெளிய வர்ற காத்துல பேருக்குக்கூட கருப்பு இருக்காது, வெள்ளை கர்ச்சீப்ப சைலன்சர்ல விட்டு துடைச்சுப் பாருங்க, அப்படியே இருக்கும்.

சரி, தங்குன கரி எங்க போகும்? அங்கதான் கதையே. ஃபில்டருக்கு முன்னாடியும் பின்னாடியும் அழுத்தம் எவ்ளோன்னு ஒரு சென்சார் பாத்துக்கிட்டே இருக்கும். காபி ஃபில்டர்ல பொடி அடைச்சுக்கிட்டா டிகாஷன் கீழ இறங்காம மேல நிக்கும்ல, அதே கணக்குதான், அடைப்பு ஏற ஏற முன்பக்க அழுத்தம் ஏறும். ஒரு அளவு தாண்டுனதும் கம்ப்யூட்டர் அந்த கரிய எரிக்க ஆரம்பிக்கும். இதுக்கு ரீஜெனரேஷன்னு பேரு, சர்வீஸ்ல சுருக்கி ரீஜென்ம்பாங்க. எரிக்கணும்னா ஃபில்டருக்குள்ள 600 டிகிரி கிட்ட சூடு வேணும். டவுனுக்குள்ள ஊர்ற வண்டில சைலன்சர் சூடு அதுல பாதிகூட வராது. அதனால சிலிண்டர்ல டீசல் எரிஞ்சு முடிஞ்சப்பறம் வேணும்னே கொஞ்சம் டீசல லேட்டா பீச்சும், அது எரியாம அப்படியே புகையோட போயி, ஃபில்டருக்கு முன்னாடி இருக்குற கேட்டலிஸ்ட்ல, அதாவது எரியறத தூண்டுற பூச்சுல, பட்டு எரிஞ்சு சூடாகி, அந்த சூட்டுல கரி எரிஞ்சு காத்தாப் போயிடும். ஹைவேல போயிட்டிருந்தா பதினஞ்சு இருபது நிமிஷத்துல வேலை முடிஞ்சுடும், ஓட்டுறவங்களுக்கு தெரியவே தெரியாது.

எனக்கு என்ன ஆச்சுன்னா, வண்டி பாலத்துகிட்ட எரிக்க ஆரம்பிக்கும், நான் தில்லைநகர்ல சாவிய திருப்பி ஆஃப் பண்ணிடுவேன். பாதி வெந்ததுல அடுப்ப அணைச்சாச்சு. சாயங்காலம் மறுபடி ஆரம்பிக்கும், வீட்டுல வந்து ஆஃப். அந்த ஃபேன் சத்தம், தூக்கலான ஓட்டம், காய்ஞ்ச வாசனை, விழுந்த மைலேஜ் எல்லாமே பாதியில அறுந்த ரீஜென். ஒரு கட்டத்துல கரி அளவு மீறிப் போயி, இதுக்கு மேல எரிச்சா ஃபில்டரே சூட்டுல விரிசல் விட்டுடும்னு கம்ப்யூட்டர் கைய விரிச்சு லிம்ப் மோடுல போட்டுடுச்சு. அதுவரைக்கும் வண்டில எந்த பார்ட்டும் கெட்டுப்போகல, எல்லாம் அதது வேலைய கரெக்டா செஞ்சிருக்கு.

சர்வீஸ் சென்டர்ல ஸ்கேனர சொருகி, வண்டிய நின்ன இடத்துல முறுக்கி ஃபோர்ஸ்டு ரீஜென் பண்ணாங்க. பில் போடல, முதல் தடவைங்கறதால. ஆனா அட்வைசர் சொன்ன வார்த்தைதான் எனக்கு ஏறல. "வண்டில குறை இல்ல மேடம், நீங்க ஓட்டுற பேட்டர்ன்தான் பிரச்சனை." வாரண்டில வருமான்னு கேட்டதுக்கு, உபயோகத்தால வர்ற அடைப்பு வாரண்டில வராதாம், ஃபில்டர் மாத்தணும்னு வந்தா ஒண்ணேகால் லட்சம் கிட்ட ஆகுமாம், அத ஏதோ வைப்பர் பிளேடு விலை சொல்ற குரல்ல சொல்றார். நான் கேட்டேன், தம்பி, ஆபீசுக்கு போறது ஒரு பேட்டர்னா? ஊருக்குள்ள ஓட்டுறதுக்குத்தானே விளம்பரத்துல அந்த பொண்ணு ஸ்கூல் வாசல்ல வண்டிய நிறுத்தி சிரிக்குது? அவர் மேனுவல எடுத்து ஒரு பக்கத்த காட்டினார். இருக்கு, உண்மைதான், ரொம்ப பொடி எழுத்துல, விளக்கு எரிஞ்சா இந்த வேகத்துல இவ்ளோ நேரம் ஓட்டவும்னு. மேனுவல் எப்போ நம்ம கைக்கு வருது? முழு பணமும் கட்டி, மாலை போட்டு, சாவிய வாங்கினப்பறம்.

இதோட முடிஞ்சிருந்தா நான் இத எழுதியிருக்கமாட்டேன். பாலக்கரைல பழைய வண்டிய காலங்காலமா பாத்த பாய் ஒருத்தர் இருக்கார், அப்பாவுக்கு அவர் சொல்றதுதான் வேதம். மனசு கேக்காம அப்பா வண்டிய அங்க கொண்டுபோகச் சொன்னார். பாய் பானெட்ட திறந்தார், பாத்தார், "இதுல நான் கைய வச்சா உங்க வாரண்டி போயிடும்மா, ஆயில மட்டும் பாத்துடுறேன்"னு சொல்லி ஸ்டிக்க உருவினார். ஆயில் மேல் கோட்ட தாண்டி நிக்குது. துடைச்சுட்டு மறுபடி விட்டு உருவினார், அதேதான். விரல்ல தொட்டு தேய்ச்சு முகர்ந்து பாத்துட்டு என்கிட்ட நீட்டினார். டீசல் வாசனை.

ஆயில் குறையும்னுதான் எல்லாரும் கேள்விப்பட்டிருப்போம், ஏறுமா? ஏறும். லேட்டா பீச்சுற அந்த டீசல் முழுசும் சைலன்சருக்கு போறதில்ல, கொஞ்சம் சிலிண்டர் சுவர்ல பட்டு, பிஸ்டன் ரிங்க தாண்டி வழிஞ்சு கீழ ஆயில்ல கலந்துடும். ரீஜென் ஒழுங்கா முடிஞ்சு, அப்பறம் வண்டி நல்லா சூடா ஓடுனா கலந்ததுல கொஞ்சம் ஆவியாயிடும். பாதி பாதியா அறுந்துட்டே இருந்தா ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா சேரும். டீசல் கலந்த ஆயில் தண்ணியாயிடும், பேரிங்குக்கும் டர்போவுக்கும் போக வேண்டிய வழவழப்பு போச்சுன்னா இன்ஜினுக்கே ஆபத்து. சர்வீஸ் சென்டர்ல ஃபோர்ஸ்டு ரீஜென் பண்ணவங்க இத பாத்திருக்கணுமா இல்லையா? போன் பண்ணி கேட்டா, கொஞ்சம் ஜாஸ்தி ஊத்தியிருப்பாங்க மேடம், பரவால்லன்னு பதில். எனக்கு வண்டி அடைச்சதவிட இந்த "பரவால்ல"தான் கோவத்த கிளப்புச்சு. ஆயிலும் ஆயில் ஃபில்டரும் மாத்த ஏழாயிரத்துக்கு பக்கத்துல ஆச்சு, ஏன்னா இந்த வண்டிக்கு சாதாரண ஆயில் ஊத்தக்கூடாது, சாம்பல் கம்மியா விடுற வகைதான் ஊத்தணும். கரிய எரிச்சுடலாம், ஆயில்லேர்ந்து வர்ற சாம்பல் எரியாது, அது ஃபில்டர்லயே நிரந்தரமா தங்கிடும்.

பாய்கிட்டயே அன்னிக்கு வேற ஒருத்தர் நின்னுட்டிருந்தார், அவர் காதோரமா வந்து ஒரு வழி சொன்னார். ஃபில்டர கழட்டி உள்ள இருக்குற தேன்கூட்ட இடிச்சு எடுத்துட்டு வெறும் டப்பாவ மாட்டி, சாஃப்ட்வேர மாத்தி எழுதிட்டா ஆயுசுக்கும் விளக்கு எரியாதாம், இழுவையும் ஏறுமாம், ஊர்ல நிறைய பேர் பண்றாங்களாம். அப்பா முகத்துல ஒரு வெளிச்சம் வந்துச்சு. நான் வேண்டாம்னுட்டேன். மோட்டார் வாகனச் சட்டத்துல 52ஆம் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, கம்பெனி குடுத்ததுலேர்ந்து வண்டிய இஷ்டத்துக்கு மாத்தக்கூடாதுன்னு, வாரண்டியும் அதோட காலி. அத விடுங்க, அந்த கரி எங்க போகும்? டீசல் புகை மனுஷங்களுக்கு புற்றுநோய் வரவைக்கும்னு உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2012லேயே முதல் பிரிவுல போட்டு வச்சிருக்கு. மாம்பழச்சாலை சிக்னல்ல என் வண்டிக்கு பின்னாடி டூவீலர்ல ஸ்கூல் புள்ளைங்க நிக்குதுங்க. எனக்கு ஃபில்டர்மேல கோவமே கிடையாது, அது இருக்க வேண்டியதுதான். அது இருக்குன்னும் அதுக்கு என்ன தீனி வேணும்னும் சொல்லாம வித்தவங்க மேலதான் கோவம்.

தீனின்னா ஹைவே. அப்படி ஆரம்பிச்சதுதான் விராலிமலை. ஞாயித்துக்கிழமை காலைல வண்டிய எடுத்து பஞ்சப்பூர், மணிகண்டம் தாண்டிட்டா மதுரை ரோடு நாலு வழிச்சாலை, விராலிமலைக்கு முப்பது கிலோமீட்டர் கிட்ட. எண்பதுல ஒரே சீரா போகணும், அதுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு, டாப் கியர்ல போட்டு இன்ஜின தூங்கவிடக்கூடாது, ஒரு கியர் கம்மி பண்ணி ஆர்பிஎம் ரெண்டாயிரத்துக்கு மேலயே வச்சுக்கணும், அப்போதான் சைலன்சர் சூடேறும். மைலேஜ் நம்பர் திடீர்னு விழுந்தா ரீஜென் ஓடுதுன்னு அர்த்தம், மறுபடி ஏறுற வரைக்கும் நிறுத்தக்கூடாது, டீ குடிக்கக்கூட. ஒரு தடவை கோயில் திருப்பத்துகிட்ட வந்தப்பறமும் நம்பர் ஏறாம கொடும்பாளூர் வரைக்கும் போயி திரும்பி வந்தோம். அப்பாவுக்கு இதுல பரம சந்தோஷம். விராலிமலை முருகனுக்கு சுருட்டு நைவேத்தியம் உண்டுல்ல, "புகை பிரச்சனைக்கு சுருட்டு பிடிக்கிற சாமிகிட்டதான்மா வரணும்"னு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டிருக்கார். முட்டி வலின்னு அவர் அடிவாரத்துலயே உக்காந்து மயில் பாப்பார், நான் மேல போயிட்டு வருவேன். விளக்கு அதுக்கப்பறம் எரியல. ஆனா கரிய எரிக்கிறதுக்காகவே டீசல எரிச்சுட்டு வர்றத சிக்கனம்னு எந்த கணக்குலயும் எழுத முடியல.

இதுக்கு நடுவுல கம்பெனிக்கு மெயில் மேல மெயில். ஜாப் கார்டு நகல், ஸ்டிக்க ஃபோட்டோ எடுத்தது, பழைய ஆயில் பில்லு, முதல் ஃப்ரீ சர்வீஸ்ல நான் என்ன சொன்னேன்னு அவங்க ஷீட்லயே எழுதியிருந்தது, எல்லாத்தையும் சேத்து அனுப்பினேன். இந்த கடைசி காகிதம்தான் முக்கியம், நீங்களும் சர்வீசுக்கு விடும்போது வாயால சொல்லிட்டு வந்துடாதீங்க, எழுதச் சொல்லி நகல் வாங்கிக்குங்க. அமெரிக்கால 1982லேர்ந்தே புது வண்டி திரும்பத் திரும்ப மக்கர் பண்ணா கம்பெனியே திருப்பி எடுத்துக்கணும்னு மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் இருக்கு, கனெக்டிகட்தான் முதல்ல ஆரம்பிச்சுது. நம்மகிட்ட காருக்குன்னு தனியா அப்படி ஒண்ணு கிடையாது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்தான். அதுல குறைதீர் ஆணையத்துக்கு 2 வருஷத்துக்குள்ள போகணும், ஆனா நாம குடியிருக்குற ஊர்லயே கேஸ் போட்டுக்கலாம். நான் அந்த அளவுக்கு போகல, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணி புகார் பதிஞ்சேன். அதுவரைக்கும் வாய் திறக்காத கம்பெனிலேர்ந்து அடுத்த வாரமே மேனேஜர் லைன்ல வந்தார், நல்லெண்ண அடிப்படைல ஆயில் செலவ திருப்பித் தர்றோம்னார். தந்தாங்க. புக்கிங் ஃபார்ம்லயே தினசரி ஓட்டத்த கேட்டு ஒரு கட்டம் போடுங்கன்னு கேட்டதுக்கு "ஃபீட்பேக்க மேல அனுப்பிட்டோம் மேடம்"னு மட்டும் வந்துச்சு.

மாருதி 2020 ஏப்ரலோட டீசல் காரையே நிறுத்திடுச்சு, பிஎஸ்6க்கு மாத்துற செலவு கட்டாதுன்னு. 2012-13 வாக்குல விக்கிற கார்ல பாதி டீசல், இப்போ அஞ்சுல ஒண்ணுகூட இல்ல. அதுக்காக டீசல் மோசம்னு நான் சொல்லமாட்டேன். என் சித்தப்பா பையன் கரூர்ல இருக்கான், பெட்ஷீட் வியாபாரம், திருச்சிக்கும் கரூருக்கும் நாளெல்லாம் ஓட்டம். அவன்கிட்ட பெட்ரோல் வண்டி, மாசா மாசம் பங்க்ல எவ்ளோ அழறேன்னு கல்யாண வீட்டுல பொலம்பினான். நான் என் கதைய சொன்னேன். ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்தோம். சும்மா ஒரு மாசத்துக்கு வண்டிய மாத்திப் பாக்கலாமான்னு மாத்துனோம். என் வண்டி அவன்கிட்ட இருந்த வரைக்கும் விளக்கும் எரியல, ஃபேனும் கத்தல, ஆயில் ஸ்டிக்ல கோட்டுக்குள்ளயே நின்னுச்சு, லிட்டருக்கு இருபதுக்கு மேல குடுத்துச்சுன்னு ஃபோட்டோ அனுப்பினான். அவனோட பெட்ரோல் வண்டி எனக்கு ஆபீஸ் போக வர கச்சிதமா இருந்துச்சு.

இப்போ நிரந்தரமா மாத்திக்கலாம்னு பேச்சு ஓடுது. அவன் வண்டி ரெண்டு வருஷம் பழசு, அதனால மேல எவ்ளோ தரணும்கறதுல ஒரு முப்பதாயிரம் இழுபறி, சித்தி வந்து பேசினா அதுவும் முடிஞ்சுடும். என் லோன க்ளோஸ் பண்ணி பேங்க்ல என்ஓசி வாங்கணும், வண்டிய பேர் மாத்துறதுக்கான ஃபார்ம் 29, 30 ரெண்டையும் வாங்கி அலமாரில வச்சிருக்கேன். அப்பாதான் இன்னும் வழிக்கு வரல. கேட்டா இழுவைங்கறார். மதுரை ரோட்டுல ஞாயித்துக்கிழமை பெட்ரோல் வண்டியும் போகும்ப்பான்னு சொல்லிப் பாத்துட்டேன்.